லேப்டாப் இரைகிறதா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால், நமது அறக்கட்டளை அலுவலகத்துக்குப் படிவங்களோடு லேப்டாப்களும் வரத் தொடங்குகின்றன. "திறந்ததுமே ஃபேன் இரைகிறது, அடுப்பு மாதிரி சூடாகிறது, எதைத் தட்டினாலும் சுற்றிக்கொண்டே நிற்கிறது" என்கிறார்கள் பெற்றோர். கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மட் போடணும்." முன்கூட்டியே நகல் எடுக்காமல் ஃபார்மட் போட்டால் பிள்ளையின் ப்ராஜெக்ட், ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எல்லாம் அழிந்துபோகும். பல சமயம் அதற்குத் தேவையே இருப்பதில்லை.

லேப்டாப்பில் நாம் திறக்கும் வேலைகள் போக, நம் கண்ணுக்குத் தெரியாமல் விண்டோஸ் தானே செய்துகொள்ளும் வேலைகள் பல உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று பிராசஸரை முழுதாகப் பிடித்துக்கொண்டால், நம் வேலைக்கு இடம் கிடைக்காது. எது பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டவும். பிறகு சிபியு என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் எடுக்கும் வேலை மேலே வந்து நிற்கும். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரு நொடி ஏறி இறங்குவதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இங்கே ஒரு விஷயம். டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்' என்ற பெயருக்கு நேராக 90, 95 என்று இருப்பதைப் பார்த்து வைரஸ் என்று பயந்து வந்தவர்கள் உண்டு. அது பிராசஸர் எவ்வளவு சும்மா இருக்கிறது என்ற கணக்கு. 95 என்றால் நல்ல செய்திதான்.

உண்மையில் அடிக்கடி மேலே வருபவை மூன்று. 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்' என்பது விண்டோஸோடு வரும் டிஃபென்டர் என்ற வைரஸ் காவலன். குறித்த நேரத்தில் நடக்கும் ஸ்கேனுக்கு, பிராசஸரில் சராசரியாக 50 சதவீதம் வரை எடுத்துக்கொள்ள அதற்கு இயல்பாகவே அனுமதி உண்டு. 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்' என்பது அப்டேட்டுகளை நிறுவும் வேலையாள். மூன்றாவது, ஃபைல்களைத் தேடுவதற்காக அட்டவணை போட்டு வைக்கும் 'சர்ச் இண்டெக்ஸர்'. போனில் உள்ள ஆயிரக்கணக்கான படங்களை லேப்டாப்பில் ஏற்றிய அன்று இது நெடுநேரம் ஓடுவது வழக்கம்.

நம் வீடுகளில் லேப்டாப்பைத் தினமும் திறப்பதில்லை. பரீட்சைக்கு ஒரு முறை, விண்ணப்பத்துக்கு ஒரு முறை என்று திறக்கிறோம். அதுவரை தேங்கிக் கிடந்த இந்த மூன்று வேலைகளும் அன்றைக்குத்தான் ஒன்றாகக் கிளம்புகின்றன. நமக்கோ அன்றைக்குத்தான் கடைசி நாள்! ஆகவே விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் முன்பே, இரவில் சார்ஜரை மாட்டி, நெட் இணைப்பைக் கொடுத்து, இரண்டு மூன்று மணி நேரம் லேப்டாப்பை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மெத்தை மேல் வேண்டாம், மேசை மேல் வையுங்கள். காற்று போகும் வழி அடைபட்டால் சூடேறி, பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

பிறகு ரீஸ்டார்ட் செய்யவும். ஷட் டவுன் செய்து மறுபடி போட்டாலும் அதுதானே என்று கேட்கலாம். இல்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சீக்கிரம் திறப்பதற்காக 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் சிஸ்டத்தின் உள்பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுபடி ஏற்றப்படுகிறது. சிக்கிய வேலையும் கூடவே திரும்பி வரலாம். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். எங்களிடம் வந்தவற்றில் பாதிக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகும் அதே பெயர் மேலே நின்றால்? அப்டேட் வேலையாள் என்றால், செட்டிங்ஸில் உள்ள ட்ரபிள்ஷூட் பகுதியில் விண்டோஸ் அப்டேட்டுக்கான சரிபார்ப்பை ஓட்டுங்கள். 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்ற பெயர் என்றால் ஏதோ ஒரு கருவியோ அதன் டிரைவரோ தொல்லை கொடுக்கிறது. யுஎஸ்பியில் மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். டிஃபென்டர் என்றால் அதன் ஸ்கேன் நேரத்தை டாஸ்க் ஷெட்யூலரில் மாற்றி வைக்கலாம், ஆனால் எரிச்சலில் அதை நிறுத்திவிடாதீர்கள். அதை நிறுத்தச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. எங்கள் பார்வையில் அது இரைச்சலாக இருக்கிறது என்று வாசல் கதவைக் கழற்றி வைப்பது போன்றது.

ஏனென்றால் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் 'கிராக்' செய்த கேம், வீடியோ எடிட்டிங் மென்பொருள் இவற்றோடு, யாரோ ஒருவருக்காக நம் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் உள்ளே நுழைவதுண்டு. அது சிஸ்டத்தின் பெயரையே சூட்டிக்கொண்டு ஒளிந்திருக்கும். சந்தேகமான பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள். உதாரணமாக, எஸ்விசிஹோஸ்ட் என்பது விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32-ல் இருக்க வேண்டியது. டவுன்லோட்ஸ் போன்ற இடத்தில் இருந்தால் அது போலி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் ஃபேன் அடங்கி, மூடியதும் மீண்டும் இரைந்தாலும் சந்தேகப்படுங்கள். சில நிரல்கள் நம்மைக் கண்டதும் பதுங்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் சென்று 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுத்தால், லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன்பே சோதிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். திறந்திருக்கும் ஃபைல்களை முதலில் சேமித்துக்கொள்ளவும்.

பழைய லேப்டாப்களில் சில சமயம் பிராசஸர் சும்மா இருக்கும், பக்கத்தில் டிஸ்க் என்ற தலைப்பு மட்டும் 100 சதவீதத்தில் நிற்கும். அது ஹார்ட் டிஸ்க்கின் மெதுவு. எஸ்எஸ்டி மாற்றினால் நல்ல வித்தியாசம் தெரியும். புது லேப்டாப் வாங்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் கடைக்குக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் சான்றிதழ்களையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, நகல் திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நமது அலுவலகத்துக்குக் கொண்டு வருவதானால் சனிக்கிழமை அஸருக்குப் பின் வரலாம். பாஸ்வேர்டு தெரிந்த பிள்ளையையும், சார்ஜரையும் கூடவே அழைத்து வரவும்.