வில்லும் காற்றும்

நுழையும்முன்

வலிமை மிக்க ஒன்றும் மென்மையான ஒன்றும் ஓரிடத்தில் சேர்ந்து ஒலிக்கும்போது, மென்மையானது மறைந்துபோகாமல் காப்பது யார் பொறுப்பு? ஐரோப்பியத் தேவாலயங்களில் செல்லோவும் ஆர்கனும் இணையும் இசையரங்குகள் இவ்வினாவுக்குத் தம் வழியில் விடை தருகின்றன. அவ்விசைக்குப் பின்னுள்ள அறிவியலையும் கலைநுட்பத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் காண்பது தமிழ் மரபு. அப்பகுப்பின்படி செல்லோ ஒரு நரம்புக்கருவி. ஆர்கன் துளைக்கருவிகளின் பெருந்தொகுதி. முன்னதை ஒருவர் இரு கைகளால் அணைத்து இசைக்கலாம். பின்னதோ கட்டடத்தின் ஒரு பகுதியாகவே நிலைபெற்று நிற்பது. உருவிலும் ஒலியிலும் இவ்வளவு வேறுபட்ட இரண்டும் எவ்வாறு ஒன்றுபடுகின்றன?

நரம்பின் குரல்

செல்லோ, வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. இசைப்பவர் இருக்கையில் அமர்ந்து, கருவியை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி, குதிரைவால் மயிர் கட்டிய வில்லால் நரம்புகளை உரசி ஒலி எழுப்புவார். முற்காலத்தில் விலங்கின் குடலை முறுக்கி நரம்புகள் செய்தனர். இன்று பெரும்பாலும் எஃகால் செய்கின்றனர். செல்லோவில் நான்கு நரம்புகள் உள்ளன. அவற்றுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிரும்.

வில்லின் அழுத்தத்தையும் விரைவையும் மாற்றினால் ஒலி வளரும், தேயும், நடுங்கும். ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மீண்டும் மென்மையாக்கி முடிக்க இயலும். மனிதக் குரலுக்கு நெருக்கமான கருவி என்று இதனைப் பலரும் போற்றுவதற்கு இதுவே காரணம்.

யோகான் செபாஸ்டியன் பாக் 1720ஆம் ஆண்டையொட்டித் தனிச் செல்லோவுக்காக ஆறு இசைத்தொகுப்புகளை இயற்றினார். நெடுங்காலம் அவை பயிற்சிப் பாடங்களாகவே கருதப்பட்டன. 1890இல் பார்சிலோனா நகரக் கடையொன்றில் அவற்றின் அச்சுப்படியைக் கண்டெடுத்த சிறுவர் பாப்லோ கசால்சு, பல ஆண்டுகள் பயின்ற பின்னரே அவற்றை அரங்கேற்றினார். அதன்பின் உலகம் செல்லோவைப் புதிய செவியோடு கேட்கலாயிற்று.

காற்றின் மாளிகை

ஆர்கனின் மூதாதை கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தோன்றியது. டெசிபியசு என்னும் பொறியறிஞர் நீரின் அழுத்தத்தால் காற்றைச் சீராகச் செலுத்திக் குழாய்களை ஒலிக்கச் செய்தார். பின்னர்த் துருத்திகள் அப்பணியை ஏற்றன. மின்விசிறிகள் வரும்வரை, இசைப்பவரின் கண்ணுக்குப் படாத ஓரிடத்தில் நின்று துருத்தி மிதித்த உழைப்பாளர்களின் கால்களே அப்பேரிசைக்கு உயிர்மூச்சாக இருந்தன.

ஆர்கனில் ஒரு குழாய் ஒரு சுரத்தை மட்டுமே தரும். ஆகவே, பல சுரங்களுக்கும் பலவகை ஒலிநயங்களுக்கும் நூற்றுக்கணக்கில், சிலபோது ஆயிரக்கணக்கில் குழாய்கள் தேவைப்படுகின்றன. செர்மனியின் பசாவு நகரப் பேராலயத்தில் 17,000க்கும் மேற்பட்ட குழாய்கள் உள்ளன. சில குழாய்கள் புல்லாங்குழலைப் போல விளிம்பில் மோதும் காற்றால் ஒலிக்கின்றன. வேறு சில, நாதசுரத்தின் சீவாளியைப் போல அதிரும் நாக்கால் ஒலிக்கின்றன. கைவிசைப்பலகைகளோடு, கால்களால் இசைக்கும் மிதிகட்டைகளும் உண்டு. குமிழ்களை இழுத்தும் தள்ளியும் எவ்வகைக் குழாய்கள் ஒலிக்க வேண்டும் என்பதை இசைப்பவர் தெரிவு செய்கிறார்.

எட்டடி நீளமுள்ள திறந்த குழாயின் சுரமும் செல்லோவின் மிகத் தாழ்ந்த நரம்பின் சுரமும் ஒன்றே. ஆனால், ஆர்கன் அங்கு நிற்பதில்லை. பெரிய ஆர்கன்களில் உள்ள 32 அடிக் குழாய் நொடிக்கு ஏறத்தாழ 16 முறையே அதிர்கிறது. அதனைச் செவி கேட்பதைவிட உடல் உணர்வதே மிகுதி.

எது எதற்கு இசைவது?

இரு கருவிகளும் சேர்வதற்குமுன் அவற்றின் சுருதி ஒன்றாக வேண்டும். இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகிறது. வெப்பம் மிகுந்தால் காற்றில் ஒலியின் விரைவு மிகும். அதனால் புல்லாங்குழல் வகைக் குழாய்களின் சுருதி உயரும். நொடிக்கு 440 அதிர்வுகள் தரும் குழாய், வெப்பநிலை 10 பாகை செல்சியசு கூடும்போது ஏறத்தாழ 448 அதிர்வுகள் தரும். நரம்போ வெப்பத்தால் நீண்டு தளர்ந்து, சுருதியில் தாழ முற்படும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகுகின்றன.

ஆயிரக்கணக்கான குழாய்களை ஒரு மாலைப்பொழுதில் திருத்துதல் இயலாது. நான்கு நரம்புகளையோ சில நொடிகளில் திருத்திவிடலாம். எனவே, செல்லோவே ஆர்கனுக்கு இசைகிறது. குழலின் வழியே யாழ் நின்ற முறையைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் கூறுகிறது. நிலமும் காலமும் வேறாயினும், குழலை நரம்பு பின்பற்றும் முறை இரண்டிடத்தும் காணப்படுகிறது.

கட்டடமும் ஒரு கருவி

கல்லால் ஆன உயர்ந்த சுவர்களும் வளைந்த கூரையும் ஒலியை எளிதில் உட்கொள்வதில்லை. அங்கு எழும் சுரம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி, சில நொடிகள் நிலைத்திருக்கும். இதனை எதிர்முழக்கம் என்பர். நீண்ட சுரங்களுக்கு இது பொலிவு தரும். விரைந்த சுரங்களையோ ஒன்றோடொன்று குழப்பிவிடும். ஆதலால், தேவாலயத்தில் இசைப்போர் நடையைச் சற்றே தாழ்த்தி, ஒரு தொடருக்கும் அடுத்த தொடருக்கும் இடையே மௌனத்துக்கு இடம் தருகின்றனர்.

> தெரியுமா?
> எதிர்முழக்கத்தை முதலில் முறையாக அளந்தவர் ஆர்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலசு சபைன். 1895இல் தொடங்கிய தம் ஆய்வுக்கு அவர் பயன்படுத்திய ஒலிமூலம் ஓர் ஆர்கன் குழாய். இருக்கைமெத்தைகளை இரவில் அரங்குக்குள் கொண்டுவந்தும் அகற்றியும், ஒலி தேயும் நேரத்தைக் கணக்கிட்டார்.

அடங்கி ஒலிக்கும் பெருமை

பல தேவாலயங்களில் ஆர்கன், வாயிலுக்கு மேலுள்ள மாடத்தில், அவையோரின் முதுகுப்புறம் அமைந்திருக்கும். செல்லோ இசைப்பவர் எதிர்முனையில் அமர்ந்தால், இருவருக்கும் இடையே 34 மீட்டர் இருப்பதாகக் கொள்வோம். ஒருவர் ஒலி மற்றவரை அடைய நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கேட்டபின் இசைத்தால் தாளம் பிறழும். ஆகவே, ஆடியிலோ திரையிலோ கண்டு, மற்றவர் அடுத்து என்ன செய்வார் என்பதை முன்னுணர்ந்து இசைத்தல் வேண்டும். சிலர் செல்லோவையே மாடத்துக்கு ஏற்றிவிடுகின்றனர்.

அதனினும் அரியது ஒலியளவு. ஆர்கனின் முழு ஆற்றலும் திறந்துவிடப்பட்டால் செல்லோ இருப்பதே தெரியாது. ஆதலின், ஆயிரம் குழாய்கள் இருப்பினும் மென்மையான ஒன்றிரண்டு வரிசைகளை மட்டுமே ஆர்கன் கலைஞர் தெரிகிறார். சில குழாய்கள் மரப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதன் கதவுகளைக் காலால் மெல்லத் திறந்தும் மூடியும் செல்லோவின் ஏற்ற இறக்கத்தோடு தம் ஒலியை ஒத்துப்போகச் செய்கிறார்.

பிரெஞ்சு இசைமேதை காமில் சான்-சான்சு இந்நுட்பத்தை நன்கறிந்தவர். பாரிசின் மாதலேன் தேவாலயத்தில் 1858 முதல் 1877 வரை ஆர்கன் கலைஞராகப் பணியாற்றியவர். எண்பது வயதைக் கடந்தபின், 1919இல், செல்லோவுக்கும் ஆர்கனுக்குமாக ஒரு சிற்றிசையை இயற்றி, அதற்கு 'வேண்டுதல்' என்னும் பொருளில் பெயரிட்டார். முதல் உலகப்போர் ஓய்ந்த மறு ஆண்டு அது. அவ்விசையில் சொற்கள் இல்லை. செல்லோ பாடுகிறது, ஆர்கன் தாங்கி நிற்கிறது.

பாடத்தின் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை இங்கே கிடைக்கிறது. சுருதியில் சிறியது பெரியதற்கு இசைகிறது. ஒலியில் பெரியது சிறியதற்காக அடங்குகிறது. இரண்டில் ஒன்று தவறினும் இசை இல்லை. கூடத்தை அதிரவைக்கும் வலிமை உடையது, அதனை வெளிக்காட்டாது காத்திருப்பதால்தான் நான்கு நரம்புகளின் மெல்லிய குரல் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரையும் சென்றடைகிறது.

கற்பவை கற்றபின்...

1. நாதசுரம், புல்லாங்குழல் ஆகியவற்றில் ஒலி எழும் முறையை ஆர்கன் குழாய்களோடு ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் வகுப்பறையிலும் ஊரிலுள்ள ஒரு கல்மண்டபத்திலும் கைதட்டி, ஒலி தேயும் நேரத்தை ஒப்பிட்டுக் காரணம் கூறுக.
3. 'அடங்குதலும் ஆற்றலே' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.