காலைப் பொழுதும் இல்லத்து அமைதியும்

தமிழ் இலக்கணம் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்துக் காணும். ஒவ்வொன்றும் பத்து நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அவற்றுள் காலை என்பது 6 மணி முதல் 10 மணி வரை நீளும் பொழுதாகும். ஆயின் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அலுவலகத்திற்கும் செல்வோர் உள்ள இல்லங்களுக்கு அப்பத்து நாழிகையும் வாய்ப்பதில்லை. 8.30 மணிக்குள் புறப்பட வேண்டுமெனில் கைக்குக் கிட்டுவது ஏறத்தாழ ஆறு நாழிகையே. அதற்குள் எழும் கூச்சலும் கடுஞ்சொல்லும் பல வீடுகளில் அன்றாட வழக்காகிவிட்டன.

இதற்கு மருந்தாகப் பலரும் கூறுவது, "இன்னும் முன்னதாக எழுந்திருங்கள்" என்பதாகும். அவ்வறிவுரை இறுதியில் தாயின் உறக்கத்தையே குறைக்கிறது. நேரம் குறைவாக இருப்பதைவிட, எல்லா வேலையும் ஒரே வேளையில், ஒரே அடுப்பில், ஒருவர் கையில் வந்து குவிவதே உண்மையான இடர்ப்பாடு என்று நாம் கருதுகிறோம்.

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் (48, 49, 50) அடுத்தடுத்து அமைந்துள்ளன. அரசர்க்கு உரைத்த அம்மூன்றும் அடுக்களைக்கும் பொருந்துவனவே.

காலமறிதல்: காலையிலேயே செய்தாக வேண்டியவை எவை, முன்னிரவில் முடிக்கத்தக்கவை எவை எனப் பிரித்தறிதல் முதற்படி. இட்லி மாவு புளிக்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும் என்பதால் அதனை முன்னாளே அரைத்து வைக்கிறோம். அம்முறையைப் பிறவற்றிற்கும் விரிக்கலாம். காய் நறுக்குதல், கொண்டைக்கடலை ஊறவைத்தல், சீருடைக்குப் பெட்டி போடுதல், பாட அட்டவணை பார்த்துப் பையில் நூல்களை அடுக்குதல், பெற்றோர் கையொப்பம் பெறுதல் ஆகியவை இரவுக்குரியன. காலையில் மின்சாரம் நின்றாலும் சீருடை மடிப்புக் கலையாது காத்திருக்கும். விடுமுறை நாளில் செய்து வைத்த புளிக்காய்ச்சல் ஒரு வேலைநாளின் மதிய உணவை எளிதாக்கும். அடுப்பிலும் ஒரு வரிசை வேண்டும். நெடுநேரம் வேகும் அரிசியும் பருப்பும் முதலில் குக்கரில் ஏறினால், அவை வேகும்போதே சட்னி அரைத்து முடித்துவிடலாம்.

இடனறிதல்: சாவி, காலுறை, பேருந்துப் பயண அட்டை, மூக்குக்கண்ணாடி ஆகியவற்றைத் தேடுவதிலேயே பல நிமிடங்கள் கழிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணியோ தட்டோ நிலையாக இருப்பின் தேடலே இல்லை. குளியலறை ஒன்றே உள்ள வீட்டில், முதலில் புறப்படுபவர் முதலில் குளித்தல் என்னும் முறை வழக்கைத் தீர்க்கும்.

வலியறிதல்: யாரால் எது இயலும் என்று அறிந்து வேலையைப் பகிர்தல். நடுவணரசு 2019இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். பெண்களுள் 81.2 விழுக்காட்டினர் அப்பணியில் ஈடுபட, ஆண்களுள் ஈடுபடுவோர் 26.1 விழுக்காட்டினரே. பத்து வயதுப் பிள்ளைக்குப் பாய் சுருட்டவும் தண்ணீர்ப் புட்டி நிரப்பவும் தெரியும். இளைஞருக்குத் தோசை வார்க்கவும் இயலும். மகளுக்கு ஒரு சட்டம், மகனுக்கு ஒரு சட்டம் என்பது முறையன்று.

இவையெல்லாம் நடவாதவை அல்ல. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். குறித்த நேரத்திற்குள் சமைத்து, அனைவரும் உடனமர்ந்து உண்டு முடிக்கின்றனர். முன்னேற்பாடும், எல்லை இன்னதென்ற தெளிவுமே அதனை இயலச் செய்கின்றன.

பரபரப்பில் முதலில் பலியாவது காலை உணவே. பசித்த வயிற்றுடன் முதல் பாடவேளையில் அமரும் மாணவர்க்குப் பாடம் மனத்தில் பதிவதில்லை என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர். தமிழ்நாடு அரசு தொடக்கப்பள்ளி மாணவர்க்கென 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை 2023இல் மாநிலம் முழுவதும் விரிவாக்கியதும் இத்தேவை கருதியே. ஆயினும் அனைவரையும் வழியனுப்பிய பின், ஆறிய இட்லியைத் தனியே உண்ணும் தாய்க்குத் திட்டம் எதுவுமில்லை. அவரும் பிள்ளைகளோடு அமர்ந்து சூடாக உண்ணும் நாளே அவ்வீட்டின் காலை சீர்பெற்ற நாள். அதற்கான முதல் வேலையை இன்றிரவே ஆளுக்கொன்றாக ஏற்போமாக.