ஓசையா, வேரா? நம் பிள்ளைகளின் பெயர்கள் பற்றிச் சில குறிப்புகள்

நம் வீடுகளில் இரண்டாவது பிள்ளை பிறந்ததும் பெயர் தேடும் வேலை பாதியாகச் சுருங்கிவிடுகிறது. மூத்தவனுக்கு ரிஸ்மி என்று வைத்தாயிற்று. அடுத்தது ஆண் என்றால் ரிஸ்னி, பெண் என்றால் ரிஸ்னா. மூன்றாவது வரும்போதுதான் சிக்கல். 'ரிஸ்' என்று தொடங்கும் பெயர்கள் தீர்ந்துபோகின்றன. அப்போதுதான் என்னைப் போன்றவர்களுக்குத் தொலைபேசி வரும். "சேர், ரிஸ்ல ஒரு பேர் செல்லுங்க. கருத்தும் நல்லா இரிக்கணும்."

கிழக்கிலங்கைப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் இடாப்பு எழுதியவன் என்ற வகையில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. முதலில் ஓசையைத் தேர்ந்துகொண்டு பிறகு கருத்தைத் தேடுவது எப்போது நம்மிடம் வந்தது, அதனால் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்று விளக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய இடாப்பில் இருந்தவர்கள்

நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் பிள்ளைகளின் தகப்பன் பெயர், தாய் பெயர் எழுதும் நிரல்களில் ஆதம்லெவ்வை, மீராலெவ்வை, உதுமாலெவ்வை, சீனிமுகம்மது, முகைதீன்பாவா, மீராசாகிபு என்று ஆண்களும், ஆசியாஉம்மா, கதீஜாஉம்மா, மரியம்பீவி, சுலைஹாஉம்மா என்று பெண்களும் இருந்தார்கள். இந்தப் பெயர்களை நாட்டுப்புறம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இவை ஒரு சமூகத்தின் தேசப்படம். முகைதீன் என்ற பெயர் பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானியை நினைவூட்டுவது. மீரா, சாகுல் ஹமீது என்ற பெயர்கள் நாகூரிலிருந்து வந்தவை. நாகூர் ஆண்டகையின் பெயரால் இன்றும் கொடியேறும் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள ஊர்களில் அந்தப் பெயர்கள் நிறைந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை. லெவ்வை, மரைக்கார் என்பன ஒருகாலத்தில் ஓதிக்கொடுத்தவரையும் மரக்கலம் விட்டவரையும் குறித்தவை. நாச்சி, உம்மா, தம்பி, சீனி என்பன நாம் பேசும் தமிழிலிருந்து வந்தவை.

உடன்பிறப்புகளின் பெயர் பொருந்திவர வேண்டும் என்ற ஆசை அன்றும் இருந்தது. ஆதம்லெவ்வை, மீராலெவ்வை, இஸ்மாலெவ்வை என்றால் மூவரும் ஒரு வீட்டார் என்று ஊருக்குத் தெரியும். அவர்கள் பெயரின் வாலைப் பொருத்தினார்கள். நாம் தலையைப் பொருத்துகிறோம். வாலைப் பொருத்தியபோது தலையில் ஒரு நபியின் பெயரோ ஒரு வலியின் பெயரோ இருப்பதற்கு இடம் இருந்தது. தலையைப் பொருத்தத் தொடங்கியதும் அந்த இடம் போய்விட்டது.

மூத்தோர் பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பதும் அன்று வழக்கம். கொழும்பில் 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலைக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்புச்சி மரைக்கார். வாப்புச்சி என்பது பாட்டனாரை அழைக்கும் நம் முறைச்சொல். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்றிருந்த வீடுகளில், அதே பெயர் தாங்கிய பிள்ளையை "வாப்பா", "வாப்புச்சி" என்றுதான் தாய் கூப்பிடுவாள். எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் எழுபது வயது வரை "சின்ன வாப்பா"வாகவே வாழ்ந்து மௌத்தானார். அவருடைய பதிவுப் பெயர் ஜனாஸா அறிவித்தலின்போதுதான் பலருக்குத் தெரிய வந்தது.

ஓசை எப்படி உள்ளே வந்தது

பிறகு இடாப்பு மாறியது. லெவ்வையும் உம்மாவும் மெல்ல மறைந்தன. 'மொஹமட்' ஆண்பிள்ளைகளின் முன்னாலும் 'பாத்திமா' பெண்பிள்ளைகளின் முன்னாலும் வந்து நின்றன. ஒரு வகுப்பில் பத்துப் பாத்திமாக்கள் இருந்த வருடமும் எனக்கு நினைவிருக்கிறது. "பாத்திமா" என்று கூப்பிட்டால் பத்துப் பேர் எழும்புவார்கள்.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. வலிமார்களின் பெயர் வைப்பதை மார்க்கரீதியாக விரும்பாதவர்கள் கூடினார்கள். வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போய் வந்தவர்கள் அரபு நாட்டில் கேட்ட பெயர்களைக் கொண்டுவந்தார்கள். காலத்தின் தலைவர்களும் பெயர்களுக்குள் வந்தார்கள். மருதமுனைப் புலவர்மணி ஷரிபுத்தீன் தம் மகனுக்கு வைத்த பெயர் ஜின்னாஹ்.

ஆனால் முக்கியமான காரணம் வேறு என்பது என் கருத்து. மொஹமட், பாத்திமா என்ற முன்பெயர்கள் நிலைபெற்றதும், இது முஸ்லிம் பிள்ளை என்று காட்டும் பொறுப்பையும் பரக்கத்துக்கான பொறுப்பையும் அவையே ஏற்றுக்கொண்டன. பின்னால் வரும் பெயருக்கு அந்தச் சுமை இல்லை. அது காதுக்கு இனிமையாக இருந்தால் போதும். அந்தச் சுதந்திரத்தில்தான் ரிஸ்னியும் பஸ்னியும் ரிம்னாஸும் பிறந்தார்கள். இவற்றில் பல பெயர்களுக்கு அரபில் இன்ன வேர்ச்சொல் என்று காட்ட முடியாது. இலங்கை முஸ்லிம்கள் தாங்களே உண்டாக்கிய பெயர்கள் இவை. வேறு நாட்டு முஸ்லிம் கேட்டால் விழிப்பார். நம்மவர் கேட்டால் "சிலோன்காரப் பிள்ளை" என்று உடனே கண்டுகொள்வார். அந்த வகையில் இவையும் ஒரு சமூகத்தின் அடையாளம்தான். ஆகவே இந்தப் பெயருள்ள எவரும் கூசத் தேவையில்லை. தீய கருத்து இல்லாத பெயரை மாற்ற வேண்டிய கட்டாயமும் இல்லை.

கருத்து ஏன் முக்கியம்

நபி (ஸல்) அவர்கள் பெயர்களை மாற்றிய சம்பவங்கள் ஹதீஸ் நூல்களில் பல உண்டு. உமர் (ரழி) அவர்களின் மகள் ஒருவருக்கு 'மாறு செய்பவள்' என்ற கருத்துடைய ஆஸியா என்ற பெயர் இருந்தது. அதை ஜமீலா என்று மாற்றியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. கரடுமுரடான நிலம் என்ற கருத்தில் ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவரிடம், சமநிலம் என்று பொருள்படும் ஸஹ்ல் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தகப்பன் வைத்த பெயரை மாற்றமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்தக் கடினம் தம் குடும்பத்தில் தொடர்ந்து இருந்ததாக அவருடைய பேரர் ஸஈத் இப்னுல் முஸய்யப் சொன்னதை புகாரி பதிவு செய்திருக்கிறார். ஒரு பெயரின் நிழல் மூன்றாம் தலைமுறை வரை விழுந்த கதை இது.

இங்கே தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நபியவர்கள் மாற்றிய பெயர் ஐன், ஸாத் என்ற எழுத்துகளைக் கொண்டது. பிர்அவ்னின் மனைவியான ஈமானிய வீராங்கனை ஆஸியாவின் பெயர் அலிஃப், ஸீன் என்ற எழுத்துகளைக் கொண்டது. தமிழில் இரண்டும் ஆஸியாதான். ஒன்று வைக்கக்கூடாதது, மற்றது வைக்கச் சிறந்தது. அதேபோல் அலிஃபில் தொடங்கும் அமீர் தலைவன். ஐனில் தொடங்கும் ஆமிர் வேறு. அவசரத்தில் எழுதும் பதிவாளரின் பேனாவில் நெடிலும் குறிலும் இடம் மாறினால் பெயரே மாறிவிடும். நம் முன்னோர் அறபுத்தமிழ் எழுத்தைப் பேணியதன் அருமை இந்த இடத்தில்தான் விளங்குகிறது.

வேரால் பொருத்துதல்

என் தங்கச்சியின் மகளுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தபோது இதே கேள்வியுடன் வந்தாள். மூத்தவன் ரிஸ்வான், இரண்டாமவன் ரிஸா.

"மாமா, பொம்புளப் புள்ள. இவனுகளோட பொருந்திற மாதிரி ஒண்டு வேணும். ரிஸ்னா எண்டு வெப்பமா?"

"ரெண்டு பேர்ட பேரும் ஒரே வேர் எண்டு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றாள். அரபில் 'ழாத்' என்ற எழுத்தை நாம் ழகரத்தால் எழுதுகிறோம். உருது வழியாக வந்தால் அது ஸகரமாக, ஜகரமாக ஒலிக்கும். நம் றமழான்தான் தமிழ்நாட்டில் ரமலான், உருதுவில் ரம்ஜான். ரிஸ்வான் என்பது ரிழ்வான். ரிஸா என்பது ரிழா. இரண்டும் பொருந்திக்கொள்ளல், திருப்தி என்ற கருத்துடைய ஒரே வேரில் முளைத்தவை. அதே வேரில் பெண்பிள்ளைக்கு ராழியா உண்டு, மர்ழியா உண்டு. இவ்விரு சொற்களும் ஸூரத்துல் ஃபஜ்ரின் முடிவில், அமைதியடைந்த ஆன்மாவை அழைக்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஆணுக்கு இன்னும் வேண்டுமென்றால் முர்தழாவும் இருக்கிறது.

"ராழியா கெழவிப் பேர் மாமா" என்றாள். பிறகு சற்று யோசித்து, "எங்கட மாமிட உம்மாட பேரும் ராலியாஉம்மாதான்" என்றாள். ஏழாம் நாள் முடி களைந்து ராழியா என்றே பெயர் வைத்தார்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் மட்டும் பாத்திமா முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை யாராலும் தடுக்க முடியவில்லை.

வேரால் பொருத்துவது நான் கண்டுபிடித்த முறை அல்ல. நபியவர்களின் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் என்ற பெயர்களே அதற்குச் சான்று. ஹுஸைன் என்பது ஹஸன் என்பதன் செல்லக் குறுக்கம். சின்ன ஹஸன் என்று சொல்லலாம். அதே வேரில் முஹ்ஸின், இஹ்ஸான், ஹுஸ்னா. ஒளியின் வேரில் நூர், முனீர், அன்வர், முனீரா. ஈடேற்றத்தின் வேரில் ஸாலிம், ஸலீம், ஸல்மான், ஸல்மா. புகழின் வேரில் அஹ்மத், மஹ்மூத், ஹாமித், ஹமீதா. ஓசையும் ஓரளவு பொருந்துகிறது. கருத்தும் ஒரு குடும்பமாகிறது.

வேரை விட்டு வரலாற்றாலும் பொருத்தலாம். மூஸாவும் ஹாரூனும் சகோதரர்கள். இஸ்மாயீலும் இஸ்ஹாக்கும் சகோதரர்கள். அண்ணனும் தம்பியும் இந்தப் பெயர்களைத் தாங்கினால், ஒருவன் மற்றவனுக்கு யார் என்பதைப் பெயரே சொல்லிக்கொடுக்கும்.

கடவுச்சீட்டில் தொலையும் பெயர்

நம் வழக்கில் தகப்பன் பெயர் முன்னால், பிள்ளையின் பெயர் பின்னால். அரபு நாட்டில் பிள்ளையின் பெயர் முன்னால், தகப்பனும் பாட்டனும் பின்னால். ஆகவே நம் பெண்பிள்ளை அங்கே போய் இறங்கியதும், தகப்பனின் 'மொஹமட்' என்ற பெயரால் அவளை அழைக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போன தாய்மார் சிலர் இரண்டு வருடம் முழுக்க வாப்பாவின் பெயரைச் சுமந்து திரும்பியதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று 'அப்துல்'. அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸின் முழுப்பெயர் அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ். அப்துல் என்பது முதலெழுத்துக்குள் ஒடுங்கிவிட, வெளியே தெரிவது அஸீஸ் மட்டும். அப்துல் அஸீஸ் என்பது பிரிக்க முடியாத ஒரே பெயர். யாவற்றையும் மிகைத்தவனின் அடிமை என்று பொருள். 'அப்துல்' என்று மட்டும் கூப்பிடுவது பாதி வசனம். 'ரஹ்மான்' என்று மட்டும் மனிதனைக் கூப்பிடுவதை உலமாக்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். பதியும்போதே அப்துர்ரஹ்மான், அப்துல்அஸீஸ் என்று சேர்த்து எழுதிவிட்டால் இந்த வெட்டு நேராது.

இன்றைய அச்சம்

2019 ஏப்ரலுக்குப் பிறகு இளம் பெற்றோர் சிலரிடம் புதிய கேள்வி ஒன்றைக் கேட்டேன்: "கேட்டதும் முஸ்லிம் எண்டு தெரியாத பேர் ஏதும் இரிக்கா?" அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. வேலைக்கான விண்ணப்பத்தில், வாடகை வீடு தேடும்போது, சோதனைச் சாவடியில் பெயர் முன்னால் போய் நிற்கும் நாட்களை அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் பெயரை ஒளித்தால் தகப்பன் பெயர் காட்டிக்கொடுக்கும். அதையும் ஒளிக்க முடியாது. மர்யம், யூசுப், ஸாரா, யஹ்யா போன்ற பெயர்கள் வேதம் பெற்ற சமூகங்கள் யாவற்றுக்கும் பொதுவானவை. அச்சத்துக்காக அல்லாமல், அந்த உறவை நினைத்து இவற்றை வைக்கலாம்.

யார் வைப்பது

பெயர் வைக்கும் உரிமை யாருக்கு என்று வீடுகளில் சண்டை வருகிறது. வாப்பாவின் வீட்டாரா, உம்மாவின் வீட்டாரா? மர்யம் (அலை) அவர்களுக்குப் பெயர் வைத்தவர் அவருடைய தாய் என்பதை ஆலஇம்ரான் அத்தியாயம் சொல்கிறது. நபியவர்கள் தம் மகனுக்குத் தம் தகப்பனான இப்றாஹீம் (அலை) அவர்களின் பெயரை வைத்தார்கள். தாய் வைத்ததற்கும் சான்று உண்டு. மூத்தோர் பெயர் வைத்ததற்கும் சான்று உண்டு. வரிசைநாச்சி குடி என்று ஒரு பெண்ணின் பெயரால் குடிவழி சொல்லும் கிழக்கு முஸ்லிம்களுக்கு, தாய்வழிப் பெயரை நினைவில் வைப்பது புதிய பாடமும் அல்ல.

ஆகவே பெயர் கேட்டு வருபவர்களிடம் நான் மூன்று காரியங்களைச் சொல்வதுண்டு. பெயரை முதலில் அரபு எழுத்தில் ஒரு ஆலிமிடம் எழுதி வாங்குங்கள்; பிறகு தமிழில், சிங்களத்தில், ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு பதிவாளரிடம் போங்கள். முதற்பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போதே அடுத்தவர்களுக்கும் அந்த வேரில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்தில் மூத்த பெண்கள் இருந்தால், அவர்களுடைய உம்மாவின் பெயரும் உம்மம்மாவின் பெயரும் என்ன என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். ஆண்களின் பெயர் உறுதிகளிலும் முதலெழுத்துகளிலும் இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் பெரும்பாலும் அவர்களுடைய நினைவில் மட்டும்தான் இருக்கிறது.