தோப்புக்கு வைஃபை போக வேண்டுமா?

வீட்டில் வைஃபை இருக்கிறது. தோப்பிலுள்ள மோட்டார் ரூம் கேமராவுக்கு எட்டவில்லை. கடையில் கேட்டால், "இன்னும் பவரான ஆக்சஸ் பாயிண்ட் போடுங்க சார்" என்பார்கள். பெரும்பாலும் வீண் செலவு. இங்கிருந்து எவ்வளவு உரக்கக் கத்தினாலும், பதில் சொல்ல வேண்டிய கேமராவுக்கு அவ்வளவு தொண்டை கிடையாது.

ஆக்சஸ் பாயிண்ட் நாலாபக்கமும் அலையைப் பரப்பும். ஒரு கட்டடத்துக்குள் இருக்கும் போன், லேப்டாப், டிவிக்கெல்லாம் அது போதும். தோப்பு வரை எட்ட வயர்லெஸ் பிரிட்ஜ்தான் வழி. அதற்கு இரண்டு கருவிகள் வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாக, ஒன்றையொன்று பார்க்கும்படி கம்பத்தில் கட்டினால் அலை ஒரே திசையில் குவிந்து போகும். ஈதர்நெட் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதைத் தாண்டினால் கேபிளின் வேலையை பிரிட்ஜ் செய்யும். அந்த வேலையை மட்டும்தான் செய்யும். தோப்பில் உட்கார்ந்து போனில் படம் பார்க்க, அங்கே தனியாக ஓர் ஆக்சஸ் பாயிண்ட் போட்டே ஆகவேண்டும். பலருக்கு இது வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

தேனி அரவிந்த் கண் மருத்துவமனை 2000-களின் நடுவிலேயே இப்படியான இணைப்பைப் பயன்படுத்தியது. சுற்றுவட்டார ஊர்களின் சிறு கண் மையங்களுக்கு வந்தவர்களைத் தேனியிலிருந்தே டாக்டர் வீடியோவில் பார்த்தார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்டெல்லோடு சேர்ந்து அமைத்தது அது. வன்பொருள் சாதாரண வைஃபைதான். ஆன்டெனாதான் குறிபார்த்து அடிப்பது. ஆனால் தூரம் கூடியதும் சிக்கல் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 'கிடைத்தது' என்ற பதில் உடனே வர வேண்டும் என்று வைஃபை எதிர்பார்க்கும். தாமதமானால் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். பல கிலோமீட்டர் தூரத்தில் இது ஓயாத குழப்பம். முறை வைத்துப் பேசும்படி இரு முனைகளுக்கும் நேரம் பிரித்துக் கொடுத்துத்தான் அதைத் தீர்த்தார்கள்.

நம் தோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. மரம்தான் தொல்லை. எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 300 மீட்டர் தூரமென்றால், 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நடுவழியில், இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 2 மீட்டர் தடையில்லாத இடம் இருப்பது நல்லது. நனைந்த தென்னை மட்டை அலையை உறிஞ்சிவிடும். வெயிலில் ஓடிய லிங்க் ஐப்பசி மழையில் படுத்துவிடலாம். கம்பத்துக்கு எர்த்தும், கேபிளுக்கு சர்ஜ் புரொடெக்டரும் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் இருப்பது சொந்த நிலமென்றால் ஃபைபர் கேபிளைப் புதைப்பதே மேல். ரோடோ அடுத்தவர் வயலோ குறுக்கிட்டால் மட்டும் பிரிட்ஜ்.