பந்தலின் முதுகுப் பக்கம் வாங்க!

பலகை இடுக்கில் ஒருக்களித்து நுழையுங்கள். தலை பத்திரம், மேலே கமுகஞ்சட்டம்! வந்தாச்சா? இதுதான் கொழும்பு வெசாக் பந்தலின் முதுகு. மே மாதப் பௌர்ணமிக்கு ஊரே அண்ணாந்து பார்க்கப்போகும், புத்தரின் முற்பிறவி பற்றிய ஜாதகக் கதை இங்கிருந்து பார்த்தால் வெறும் வயர்க் காடு. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றங்கரைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் சீரியல் பல்புச் சாமிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே சட்டத்துக்கு ஒரு சாமி. இங்கே ஒரு முழுக் கதையும் படம் படமாக எரிந்து ஓட வேண்டும்.

கீழே பாருங்கள், மிதித்துவிடாதீர்கள். ஈரம் காயாத பிளைவுட் பலகைகள், பெயின்ட் டப்பா, பாதி கடித்த பணிஸ். பாலி மொழி ஜாதகத் தொகுப்பில் 547 கதைகள் இருக்கின்றன. இந்த வருஷம் இவர்கள் எடுத்திருப்பது கடைசிக் கதை. கேட்டதையெல்லாம் தானம் கொடுக்கும் ராஜா வெஸ்ஸந்தரன், பெற்ற பிள்ளைகளையே ஒரு கிழவனுக்குக் கொடுத்துவிடுகிறான். (எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அவன்மேல் கோபம்தான் வருகிறது.) தாமரைக் குளத்தில் ஒளிந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண் வைக்கிறான்.

ஆனால் கும்மாளமெல்லாம் கிழவன் ஜூஜகனைச் சுற்றித்தான். "ராஜாவுக்கு எப்பவும் ஒரே முகம். இவனை வரையத்தான் கை துடிக்கும்" என்கிறார் ஓவியர். தொந்திக்கு மாடல், மூலையில் பணிஸ் தின்னும் நண்பர்! தாய்லாந்துக் கோயில் சுவர்களில் புத்தரின் கடைசிப் பத்துப் பிறவிகளை வரிசையாகத் தீட்டுவார்கள். அங்கேயும் இந்தக் கிழவனைக் கண்டால் சிரிப்புத்தான்.

திடீரென்று மழை. "தறப்பாள்! தறப்பாள்!" ராஜா நனைந்தால் பரவாயில்லை போல, எல்லாரும் கிழவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

மழை விட்டதும் பிளேன்டீ. அவசரத்தில் ஒருவர் தூரிகையைத் தேநீரில் கழுவிவிட்டு, "நிறம் நல்லா வந்திருக்கு" என்று அதையே குடிக்கிறார்.

இந்தப் பக்கம் வாங்க, சூத்திரம் இங்கே இருக்கிறது. தகடு அடித்த மர உருளை ஒன்றை மோட்டார் சுற்றும். தகடு கம்பியில் உரசும் இடத்தில் அந்தந்தப் படத்துக்கு வெளிச்சம் போகும். பெரிய பந்தல்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பனியன் தொப்பலாக நனைந்த நம் எலக்ட்ரீஷியன் அண்ணனோ உருளையை விடுவதாக இல்லை. "தம்பி, கையை மட்டும் வெச்சிராதீங்க. பிறகு உங்களுக்கும் அடுத்த பிறவிதான்!"

பந்தல் கதையை விரிதுப் பாட்டாகப் பாடுகிறவர் ரபான் மேளம் தட்டி மைக்கில் இருமிப் பார்க்கிறார். சோதனை ஓட்டம். எல்லாரும் முன்பக்கம் ஓடுகிறோம். ஸ்விட்ச்! பளீரென எரிந்தது முதல் படமல்ல: விருந்தில் தின்று தின்றே ஜூஜகன் செத்துக் கிடக்கும் படம்.

"கதை முடிஞ்சிருச்சு, வீட்டுக்குப் போங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அண்ணன் டெஸ்டரைப் பல்லில் கடித்தபடி வயர்க் காட்டுக்குள் மறுபடி நுழைகிறார்.