பொம்மையிடம் தவறலாம், நோயாளியிடம் தவறலாகாது

நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலம். நள்ளிரவு கடந்த வேளையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருந்த முதியவரிடம் அவருடைய மனைவியின் மரணச் செய்தியைச் சொல்லும் பொறுப்பு என்மீது விழுந்தது. 'கார்டியாக் அரெஸ்ட் ஆகிவிட்டது. எவ்வளவு முயன்றும் ரிவைவ் செய்ய முடியவில்லை' என்றேன். அவர் கைகூப்பியபடி, 'சரிங்க ஐயா, எப்போ கண்ணு முழிப்பா?' என்று கேட்டார்.

நாலரை ஆண்டுகளில் நான் எழுதிய எந்தத் தேர்விலும், இப்படியொரு செய்தியை எப்படிச் சொல்வது என்று கேட்கப்பட்டதில்லை. பின்னாளில் மருத்துவ ஆசிரியரானபோது, விளையாட்டு, நாடகம், ஓவியம், சித்திரக்கதை ஆகியவற்றின் வழியாகவும் கற்பிக்க வேண்டும் என்று நான் வலியுறுத்தியதற்கு அந்த இரவே காரணம். 'உயிரோடு விளையாடலாமா?' என்று சக ஆசிரியர்கள் சிலர் கேட்பதுண்டு. உயிரோடு விளையாடக் கூடாது என்பதற்காகத்தான் முன்கூட்டியே விளையாடிப் பார்க்க வேண்டும் என்பது என் பதில்.

இது புதுமையான கருத்தும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஆஞ்செலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியாலும் தோலாலும் செய்த கர்ப்பிணிப் பொம்மையைக் கொண்டு கிராமப்புறப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். 1759-இல் மன்னர் பதினைந்தாம் லூயியே அப்பணியை அவரிடம் ஒப்படைத்தார். இன்று உலகெங்கும் இதய-சுவாச மீட்புப் பயிற்சிக்குப் பயன்படும் 'ரெசஸி ஆன்' பொம்மையை 1960-இல் உருவாக்கிய நார்வே நாட்டின் ஆஸ்மண்ட் லேர்டால், குழந்தைகளுக்கான பொம்மைகளைத் தயாரித்து வந்தவர். 1963-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு மாணவர்களின் திறனைச் சோதித்தார். அன்று ஏளனத்துக்கு உள்ளான அந்த முறை, இன்று பல நாடுகளில் மருத்துவத் தேர்வின் ஓர் அங்கம்.

விளையாட்டு எதைக் கற்றுத் தருகிறது? முதலாவதாக, அச்சமின்றித் தவறு செய்யும் வாய்ப்பைத் தருகிறது. பொம்மையின் மார்பைத் தவறாக அழுத்தினால் எவரும் சாவதில்லை. தவறு உடனே தெரிகிறது. மறுமுறை திருத்திக்கொள்ள முடிகிறது. இரண்டாவதாக, படித்ததை நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும்படி மாணவரைத் தூண்டுகிறது. விரிவுரையைக் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

படைப்புக் கலைகளின் பயன் வேறு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர் இர்வின் பிரேவர்மன், தம் மாணவர்களை ஓவியக் கூடத்துக்கு அனுப்பி, ஓவியங்களில் கண்டதை மட்டும் விவரிக்கச் செய்தார். அப்பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிட நோயாளிகளின் படங்களில் கூடுதலான அடையாளங்களைக் கவனித்தனர் என்பது 2001-இல் வெளியான ஆய்வின் முடிவு. பென்சில்வேனியா மாநில மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் தங்கள் பயிற்சிக்கால அனுபவங்களைச் சித்திரக்கதைகளாக வரைகின்றனர். சோர்வும் குற்ற உணர்வும் பேச்சில் வராதபோது கோடுகளில் வந்துவிடுகின்றன.

நம்மிடமும் இதற்கான மரபு உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடப்படும் பரமபதம், நல்வினை ஏற்றும், தீவினை இறக்கும் என்று கற்பித்த விளையாட்டுதானே? அதையே நான் காசநோய்ப் பாடத்துக்குப் பயன்படுத்தினேன். ஆறு மாதச் சிகிச்சைதான் பலகை. ஒவ்வொரு மாணவரும் ஒரு நோயாளி: கட்டடத் தொழிலாளி, பீடி சுற்றும் பெண், லாரி ஓட்டுநர். வீட்டாரின் ஆதரவும், அரசு வழங்கும் மாதாந்திர ஊட்டச்சத்து உதவித்தொகையும் ஏணிகள். ஒரு நாள் கூலி இழப்பு, அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களோ என்ற அச்சம், குடிப்பழக்கம் ஆகியவை பாம்புகள். 'இருமல் நின்றுவிட்டது, இனி மாத்திரை எதற்கு?' என்பதே எல்லாவற்றிலும் நீளமான பாம்பு. அதை இரண்டாம் மாதத்தில் வைத்தேன்.

நான்கு முறை அந்தப் பாம்பின் வாயில் விழுந்த மாணவி ஒருவர் கடைசியில், 'மருந்தை நிறுத்தியவர்களை நான் இதுவரை பொறுப்பற்றவர்கள் என்றே நினைத்திருந்தேன்' என்றார். பாதியில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகக்கூடும் என்பது அவருக்கு முன்பே தெரியும். ஒருவர் ஏன் நிறுத்துகிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. செலவு, ஓர் அட்டையும் சில சோழிகளும்தான்.

ஆனால், மிகைப்படுத்தவும் கூடாது. வாரத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வீடியோ விளையாட்டு ஆடிய அனுபவமுள்ள அறுவைச் சிகிச்சையாளர்கள் நுண்துளை அறுவைப் பயிற்சியில் 37 சதவீதம் குறைவான பிழைகளே செய்தனர் என்று 2007-இல் ஓர் ஆய்வு கூறியது. அதில் பங்கேற்றவர்கள் வெறும் 33 பேர். இயல்பிலேயே கைத்திறன் உள்ளவர்கள் அவ்விளையாட்டை நாடியிருக்கவும் கூடும். மருத்துவப் பணியாளர்களுக்கான கல்வி விளையாட்டுகளை மதிப்பிட்ட காக்ரேன் திறனாய்வும், அவற்றின் பயனை உறுதிசெய்யவோ மறுக்கவோ போதிய சான்றுகள் இல்லை என்றே முடித்தது. எனவே, விளையாட்டு விரிவுரைக்கும் நோயாளியின் படுக்கையருகே பெறும் பயிற்சிக்கும் துணையே தவிர மாற்றாகாது. ஆட்டம் முடிந்தபின் 'என்ன நடந்தது, ஏன் நடந்தது?' என்ற உரையாடல் இல்லாவிட்டால் அது வெறும் பொழுதுபோக்கு. நோயாளியின் வறுமையையோ பேச்சுமொழியையோ கேலிப் பொருளாக்கும் நடிப்பு, இல்லாமல் இருப்பதே மேல்.

2019-இல் நடைமுறைக்கு வந்த திறன்சார் மருத்துவப் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, அறநெறி, தகவல் தொடர்பு ஆகியவற்றுக்கான 'ஏட்காம்' பகுதி இடம்பெற்றிருக்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆனால், 250 மாணவர்கள் அமர்ந்த அரங்கில் அதையும் விரிவுரையாக நடத்தினால் பயன் என்ன? மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிக்க ஆசிரியர்கள் வேண்டும். அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும். நோயாளியிடம் தமிழில் பேசும் திறன் தேர்விலும் மதிப்பிடப்பட வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர்கள் பொருட்படுத்துவதில்லை என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே.

என் வகுப்பில் இன்று மாணவர்கள் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, மரணச் செய்தியைச் சொல்லிப் பழகுகின்றனர். முதல் முறை பெரும்பாலோர் என்னைப் போலவே ஆங்கிலக் கலைச்சொற்களுக்குள் ஒளிந்துகொள்கின்றனர். மூன்றாம் முறை, 'உட்காருங்கள் ஐயா' என்று தொடங்குகின்றனர். அந்த முதியவரை நான் அன்று உட்காரக்கூடச் சொல்லவில்லை.