ஓரகடத்தில் ஆறு நிமிடம்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத், ஓரகடம், படப்பை வழியாகத் தாம்பரம் போகிற பஸ்ஸில் காலை ஐந்தரைக்கு ஏறிப் பாருங்கள். கழுத்தில் ஐடி கார்டு, மடியில் டிபன் பை, காதில் ஒயர். யாரும் யாரோடும் பேசுவதில்லை. கம்பெனி பஸ்ஸிலும் இதே கதைதான் என்று அதில் போகிறவர்கள் சொல்கிறார்கள். வெளியாளான நான் அதில் ஏற முடியாது. பெரும்பாலான கம்பெனிகளில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆக, ஒரு நாளில் காதுக்குக் கிடைக்கிற நேரம் போகும்போது ஒரு மணி, வரும்போது ஒரு மணி. அதிலும் முக்கால்வாசி தூக்கத்துக்குப் போய்விடும்.

நான் கடந்த ஒன்றரை வருஷமாக இந்தப் பகுதி மனிதர்களைப் பற்றிச் சின்னச் சின்ன ஒலி ஆவணங்கள் செய்து வருகிறேன். முதலில் செய்தது 22 நிமிடம். அதில் பேசியவரின் அறைத்தோழிக்கே அனுப்பினேன். "சூப்பர்க்கா"ன்னு பதில் வந்தது. கடைசியில் வருகிற பாட்டு பிடிச்சதான்னு கேட்டேன். "பாட்டா? எங்க வருது?" அன்றைக்கு முடிவானதுதான் ஆறு நிமிடம்.

"ஒலிச்சித்திரம்" என்று பெயர் வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல்தான், ஆனால் அதை வானொலி ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. என் தலைமுறைக்கு ஒலிச்சித்திரம் என்றால் சினிமாவின் வசனத்தையும் பாட்டையும் வெட்டிச் சுருக்கி ரேடியோவில் போடுவது. அதனால் ஒலி ஆவணம் என்றே வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசனை அடித்தாலும்.

இந்த வட்டாரத்தில் இதைச் செய்த முதல் ஆள் நான் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி மூடியது. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த இளம்பெண்களோடு ஆய்வாளர் மதுமிதா தத்தாவும் நாடகக் கலைஞர் சம்யுக்தா பி.சி.யும் சேர்ந்து செய்த ஒலித்தொடர் 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்'. காஞ்சிபுரத்தில் அந்தப் பெண்கள் வாடகைக்கு எடுத்திருந்த அறையில் உட்கார்ந்து பேசியது. பின்னால் இது 2021-ல் ஜுபான் பதிப்பகம் வழியாக ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தது.

அதைக் கேட்டபோது எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே வருகிறார், சிரிப்பு, கிண்டல். யார் பேசுகிறார் என்றே பல இடத்தில் தெரியாது. இரண்டாவது முறை கேட்கும்போதுதான் புரிந்தது, அந்தக் குறுக்கீடுதான் விஷயமே. வேலை, கல்யாணம், காதல், உடுப்பு, சுதந்திரம் என்று போகிற அந்தப் பேச்சை ஆய்வாளர் கேள்வி கேட்டு வாங்கியிருக்க முடியாது. ஒருத்தி சொல்வதை இன்னொருத்தி "அதெல்லாம் இல்ல"ன்னு மறுக்கும்போது, முதலாமவள் கூடுதலாக ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பேட்டி எடுக்கிற ஆளிடம் அந்த மறுப்பு வராது. நாம் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருப்போம். 'கூட்டம்' என்று பெயர் வைத்ததில் ஒரு முறையியலே இருக்கிறது.

சாதாரண மனிதரின் குரலை அப்படியே ஒலிபரப்புவது என்பது உலகத்திலேயே அவ்வளவு பழைய பழக்கம் இல்லை. 1957 பிப்ரவரியில் இங்கிலாந்தில் ஜான் ஆக்சன் என்கிற ரயில் ஓட்டுநர், பிரேக் பழுதான வண்டியை விட்டுக் குதிக்காமல் நின்று இறந்துபோனார். அவரைப் பற்றி பிபிசிக்காக சார்லஸ் பார்க்கரும் இவான் மெக்கோலும் நிகழ்ச்சி செய்யப் போனார்கள். அன்றைய வழக்கம், தொழிலாளிகள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து நடிகர்களை வைத்துப் பேச வைப்பது. இவர்கள் ஆக்சனோடு வேலை பார்த்தவர்களைப் பதிவு செய்துவிட்டுத் திரும்பக் கேட்டபோது, இதை நடிகர் சொன்னால் செத்துவிடும் என்று பட்டிருக்கிறது. பதிவையே வைத்து, நடுவில் பாட்டு கோத்து, 1958 ஜூலையில் ஒலிபரப்பினார்கள். 1964 வரை அந்த வரிசையில் மொத்தம் எட்டு வந்தன. கையில் தூக்கிக்கொண்டு போகிற டேப் ரெக்கார்டர் அப்போதுதான் வந்திருந்தது. அது இல்லையென்றால் இதுவும் இல்லை.

இங்கே நம்மிடம் எல்லோர் கையிலும் ரெக்கார்டர் இருக்கிறது. ஒலிபரப்பத்தான் இடமில்லை. சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட் வரைதான் அனுமதி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். ஆனால் ஆகாஷ்வாணி செய்தியைத் தவிர சொந்தச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது விதி. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதைப் பக்கத்து ஊரில் ஒரு சமுதாய வானொலி இருந்தாலும் செய்தியாகச் சொல்லியிருக்க முடியாது. அதனால் என்னுடையது எல்லாம் வாட்ஸ்அப்தான். ஆறு நிமிடத்தை 64 கிலோபிட் மோனோவாகச் சுருக்கினால் மூன்று எம்பிக்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் சிக்னல் போனாலும் இறங்கியிருக்கும்.

வாட்ஸ்அப்புக்கும் இந்தப் பகுதியில் ஒரு முன்கதை உண்டு. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் தெளிவாகச் சொல்லாத நிலையில், பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்பது பிறகுதான் தெளிவானது. அதனால் "உங்க குரலைப் பதிவு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்பப் போறேன்"னு நான் சொல்லும்போது, கேட்கிறவர் முகத்தில் ஒரு விநாடி ஓடுவது என்ன என்று எனக்கு இப்போது தெரியும்.

சரி, செய்வது எப்படி? கருவி பற்றிக் கேட்டுத்தான் அதிகம் மெயில் வருகிறது, ஆனால் அதில் சொல்ல அதிகம் இல்லை. போனே போதும். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் கன்னத்துப் பக்கமாக வையுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் ஆறு டெசிபல் குறையும், சுற்றுச் சத்தம் அப்படியே இருக்கும். ஓரகடத்தில் சுற்றுச் சத்தம் என்றால் ட்ரெய்லர் லாரி. ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம் குரலின் மேலேயே வந்து உட்காரும், மென்பொருளால் சுத்தமாகப் பிரிப்பது கஷ்டம். அறைக்குள் போனால் ஃபேன். மே மாதத்தில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்வது பாவம். பத்து நிமிடம் நிறுத்துவோம், பத்து நிமிடம் போடுவோம். அந்த ஓய்வில்தான் நல்ல கதைகள் வரும் என்பது தனி வயிற்றெரிச்சல். கிளம்பும் முன் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் மௌனத்தை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களை மூட அந்த மௌனம்தான் பசை.

கேள்விதான் கஷ்டம். வல்லம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர், நிலம் சிப்காட்டுக்குப் போனவர். திண்ணையில் உட்கார வைத்து "உங்க நிலம் போனதப் பத்திச் சொல்லுங்கய்யா"ன்னு கேட்டேன். கலெக்டரிடம் மனு கொடுக்கிற குரலில் ஆரம்பித்தார். சர்வே எண், ஏக்கர், சென்ட், இழப்பீடு. எத்தனை இடத்தில் அதைச் சொல்லியிருப்பாரோ, வாக்கியம் எல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. நாற்பது நிமிடம் பதிவு செய்தேன், ஆறு நொடி தேறவில்லை.

அடுத்த வாரம் போய், "நடந்து காட்டறீங்களாய்யா?"ன்னு கேட்டேன். கம்பெனி மதில் ஓரமாகவே நடந்தோம். "இது பனையடிக் கழனி. இது ஏரிக்கீழ் கழனி. அந்தா, அந்த ட்ரான்ஸ்பார்மர் நிக்குதே, அங்கதான் மடை." கொஞ்ச தூரம் போய் நின்றார். "இது மூணாவது கேட்டு. இங்கதாம்மா எங்க நாத்தங்கால்." கேட்டில் நின்ற செக்யூரிட்டி என்ன ஏது என்று விசாரித்தார். பெரியவர் அவரிடம், "ஒண்ணுமில்ல தம்பி, வழி சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். அந்தத் துண்டில் என் குரல் ஒரு இடத்தில்கூட இல்லை. காலடிச் சத்தம், சரளைக்கல், லாரி, அவர் மூச்சு. லாரிச் சத்தம் அங்கே தொந்தரவாகவே இல்லை.

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இது என் தப்பு.

ஒரு பெண், 23 வயது, வடமாவட்டத்துக் கிராமம். ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை. நாலு முறை போய்ப் பேசினேன், மூணு மணி நேரப் பதிவு. பெயரை மாற்றினேன். கம்பெனி பெயர், ஊர், லைன் நம்பர், என்ன பொருள் செய்கிறார்கள் என்பது எல்லாவற்றையும் எடுத்தேன். குரலின் சுருதியை மாற்றட்டுமா என்றுகூடக் கேட்டேன். (அது பெரிய பாதுகாப்பு இல்லை. சுருதி மாற்றத்தைத் திருப்பிவிடலாம், பேசுகிற தாளம் மாறவே மாறாது. கேட்பவருக்கு மட்டும் குற்றவாளி பேசுகிற மாதிரி இருக்கும்.) வேண்டாம் என்றாள். சம்மதம் சொல்லி அதையும் பதிவு செய்தாயிற்று.

அந்தப் பதிவில் ஒரு நிமிடம் இருந்தது. வீட்டில் தன்னை பெர்மனன்ட் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதை நம்பித்தான் அம்மா குழுவில் கடன் வாங்கித் தம்பியைப் படிக்க வைக்கிறார். கான்ட்ராக்ட் ஒருமுறை முடிந்து புதுப்பிக்காத இரண்டு மாதத்திலும் கடன் வாங்கி மாசம் தவறாமல் பணம் அனுப்பியிருக்கிறாள். "சம்பளம் போட்டாச்சா"ன்னு அம்மா கேட்பதற்கு முந்தின நாளே அனுப்பிவிடுவாளாம். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பின்னால் குக்கர் விசில். எந்த எடிட்டரும் அந்த ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான் ஆறு நிமிடத்தையும் கட்டுவார். நானும் கட்டினேன்.

அனுப்புவதற்கு முன்னால் அவளைக் கேட்க வைத்தேன். ஒயரைக் காதில் வைத்துக்கொண்டு ஆறு நிமிடமும் கேட்டாள். கழற்றிவிட்டு, "நல்லா இருக்குக்கா. ஆனா இது எங்க ஊர் குரூப்புக்கு வந்தா?"

"பேரே இல்லையே பா."

"எங்க அம்மாவுக்கு என் பேரு எதுக்குக்கா?"

கம்பெனிக்குப் பயந்து நான் எடுத்த எல்லா முன்னெச்சரிக்கையும் அந்த ஒரு கேள்வியில் வீணாகிப்போனது. மேனேஜர் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாது என்றே யோசித்திருக்கிறேன். பெற்றவளுக்கு மகளின் ஒரு இருமல் போதும். சம்மதம் என்று நான் பதிவு செய்து வைத்திருந்தது அவள் பேசியதற்குத்தான். கோத்து, வெட்டி, குக்கர் விசிலோடு வரப்போகிற பொருளை அவள் அப்போது பார்த்திருக்கவே இல்லை. பார்க்காத ஒன்றுக்கு எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்?

ஒரு நாள் முழுக்க எனக்குள் வாதாடினேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. கான்ட்ராக்ட் முறை ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கப் போவதில்லை. வேறொரு பெண்ணை அதையே பேச வைக்கலாமா என்றும் யோசித்தேன். 1957-க்கு முந்தைய பிபிசி மாதிரி! கடைசியில் வெட்டினேன். அந்த நிமிடம் போனதும் அதற்கு முன்னும் பின்னும் நின்றவை சரிந்துவிட்டன, நாலு நிமிடம்தான் மிஞ்சியது. இரண்டு மாதம் கழித்து, அவளிடம் கேட்டுத்தான், ஆள், ஊர், தொழில் எதுவும் ஒட்டாதபடி எழுத்தில் மட்டும் இங்கே வைக்கிறேன். எழுத்தில் இருமல் இல்லை.

இடைவெளியை நிரப்ப அவளே ஒரு வழி சொன்னாள். நான் வெளியே போய்விட வேண்டும், போனை அலமாரி மேல் வைத்துவிட்டு அவளும் அறைத்தோழிகளும் சமைப்பார்கள். மாடிப்படியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரே சிரிப்பு. கேட்டால், ரசத்துக்குப் புளி யார் கரைப்பது என்பதில் தொடங்கி, கல்யாணமானால் வேலையை விட வேண்டுமா என்பதில் போய் நிற்கிறது. 'கூட்டம்' கேட்டு இரண்டு வருஷமாகியும் நான் கற்றுக்கொள்ளாததை அவள் கேட்காமலே செய்துவிட்டாள்.

இப்போது இரண்டு முறை கேட்கிறேன். பேசி முடித்ததும் ஒரு முறை. கோத்து முடித்து, அவர் காதில் ஒயரை வைத்து, "இதை யார் கேட்டா உங்களுக்குக் கஷ்டம்?" என்று இன்னொரு முறை. கம்பெனி என்று பதில் சொல்பவர்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. மாமியார், ஹவுஸ் ஓனர், சீட்டுப் பிடிக்கிற அக்கா, ஊரில் பெண் பார்த்து வைத்திருக்கிற வீடு. ஒரு ஒடிசாப் பையன் மட்டும், "யாரும் இல்ல தீதி, இங்க தமிழ்ல வந்தா எங்க ஊர்ல யாருக்குப் புரியும்" என்றான்.

நாலு நிமிடத் துண்டு போன மாதம் போய்ச் சேர்ந்தது. அவளிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று போயிருந்தேன். வெட்டிய அந்த ஒரு நிமிடம், அது இருந்த மூலப் பதிவு, எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னேன்.

"எங்க, காட்டுங்க" என்றாள்.

லேப்டாப்பைத் திறந்து ஃபோல்டரைக் காட்டினேன். பிறகு அவளே ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்த்தாள்.